நான் ஃப்ளோரைடை ஒழித்த விதம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் பேச்சு பிடிக்காதவர்கள் எழுந்து போக முடியாது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறிவிட்டால் போனில் சிக்னலும் இருக்காது. அப்புறம் வளைவுக்கு வளைவு நான் சொல்வதுதான் செய்தி. ஸ்டாண்டில் ஆள் சேரும்வரை போனில் பார்த்த வீடியோக்களை மேலே போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே போவேன். சர்க்கரை, கொழுப்பு, குடல் எல்லாவற்றிலும் நான் தேர்ந்தவன். படித்தது பத்தாவது, அதுவும் இரண்டாம் முயற்சியில்.

பல்லுக்கு நான் வந்தது என் மகளால். அவளுக்கு அப்போது ஏழு வயது. புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்புத் திட்டும், குறுக்கே டீ நிறத்தில் ஒரு கோடும் இருந்தன. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். யாரும் கண்டுகொண்டதில்லை. அவளைக் கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடம் சேர்த்தபோதுதான், பக்கத்தில் உட்காரும் பெண் கேட்டிருக்கிறாள்: "நீ பல்லே வெளக்க மாட்டியா?" அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் முதலில் கை வாய்க்குப் போகும், அப்புறம்தான் சிரிப்பாள். அந்தக் கையை எடுக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அந்தச் சமயம் பார்த்து ஒரு வீடியோ வந்தது. தாடி வைத்த ஒருவர், பின்னால் ஒரு மண்பானை. "பல்லில் கறையா? காரணம் ஃப்ளோரைடு. அது எங்கே இருக்கிறது? உங்கள் பேஸ்ட்டில்" என்றார். வீட்டுக்குப் போய் பேஸ்ட் அட்டையை டார்ச் அடித்துப் படித்தேன். அந்த வார்த்தை இருந்தது, எறும்பு அளவு எழுத்தில். இவ்வளவு சின்னதாகப் போட்டிருக்கிறார்கள் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். பேஸ்ட் குப்பைக்குப் போனது.

"இன்னாங்க, நேத்துதான் பிரிச்சேன் அத்த" என்றாள் மனைவி.

"விஷத்துல புதுசு பழசு இன்னா இருக்குது?"

"உங்க ஜீப்பு வுடுற பொகைய வுடவா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் சமூக சேவை செய்ய முடியாது.

தாடிக்காரர் சொன்ன பொடிக்குக் கடுக்காய், அடுப்புக்கரி, கல் உப்பு வேண்டும். கடுக்காய்க்கு நான் அலைய வேண்டியதில்லை. மலையில் கடுக்காய் பொறுக்கி மூட்டையோடு கீழே வந்து விற்றுவிட்டுப் போகும் ஓர் அக்கா வாரத்துக்கு இரண்டு முறை என் ஜீப்பில்தான் வருவார். அவரிடம் ஒரு படி கேட்டேன்.

"எதுக்குத் தம்பி?"

"பல்லு வெளக்கக்கா."

 அக்கா மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார். உள்ளே பெரிய சைஸ் பேஸ்ட் இரண்டு. "கடுக்காய வித்துட்டுதான் நாங்க இத்த வாங்கிக்கினு போறோம்" என்றார். முன் சீட்டிலிருந்து பின் சீட்டுவரை ஜீப்பே சிரித்தது.

விடுவேனா? ஃப்ளோரைடு பற்றி பதினோரு வளைவுக்குப் பேசினேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இறங்கும்போது சொன்னார்: "நீ ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி. பல்லு இருந்தாலும் இல்லாட்டியும் வூடு போய்ச் சேரணும்."

பொடி தயாரானது. நாங்கள் அதில் பல் தேய்த்தோம். மகள் ஒரு தொடு தொட்டுவிட்டு ஓடிவிடுவாள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நானும் ஒரு வீடியோ எடுத்தேன்.

தாடிக்காரருக்கு மண்பானை என்றால் எனக்குப் பெரியப்பா மகனின் பம்புசெட்டு. பின்னால் பச்சை நெல், பக்கத்தில் தொட்டியில் வெள்ளையாக விழும் போர் தண்ணீர். மனைவி போனைப் பிடித்தாள். நான் கரிப்பொடியால் பல்லைத் தேய்த்து, குழாயிலிருந்து இரண்டு கை அள்ளிக் கொப்பளித்து, இன்னும் இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டு, "ஃப்ளோரைடு இல்லாத வாழ்க்கை எப்படி இருக்குது பாருங்க" என்று முடித்தேன்.

அது பல ஊர் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றியது. களமருதூரில் என் தங்கையின் மாமியார் அன்றைக்கே பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். டீக்கடையில் "பல்லு டாக்டரே, டீ சொல்லட்டா?" என்று கேட்டார்கள். அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

சில மாதம் போனது. மகளின் கறை அப்படியே இருந்தது. எனக்குத்தான் மாற்றம் தெரிந்தது. டீ பட்டாலும் கூசியது, தண்ணீர் பட்டாலும் கூசியது. மார்கழிக் குளிரில் மலை ஏறும்போது காற்றுப் பட்டே கூசியதால் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். "இன்னா இன்னிக்கி ரேடியோ பாடல?" என்றார்கள். சந்தோஷமாகத்தான் கேட்டார்கள்.

அப்புறம் ஒரு காலையில் மகளுக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. கைக்குழந்தையாக இருந்த மகனையும் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் பல் டாக்டரிடம் போனோம். இளம் வயது டாக்டரம்மா. மகள் வாயிலிருந்து கையை எடுப்பதற்கே நேரமானது. பார்த்துவிட்டு, "பால்பல்லு ஒண்ணு நல்லா சொத்தையாயிடுச்சு, எடுத்துடணும். பக்கத்துல இனிமே விழாத நிரந்தரப் பல்லுலயும் ஆரம்பிச்சிருக்கு. அத அடைச்சுக் காப்பாத்திடலாம். எந்த பேஸ்ட்ல வெளக்கறீங்க?" என்றார்.

நான் பெருமையாகப் பொடியைச் சொன்னேன். டாக்டரம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "இது நீங்கதானே? இதக் காட்டி என்கிட்ட ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க."

நான்தான். கரி அப்பிய வாயோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் வீடியோவை ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"பின்னாடி விழுதே, அது என்ன தண்ணி?"

"போர் தண்ணிங்க மேடம். நல்ல ஆழம்."

"வீட்ல குடிக்கறது?"

"எங்க தெருவுக்கே அதாங்க."

அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "ஃப்ளோரைடு கறை உண்டாக்கும்ங்கறது பொய் இல்லிங்க. ஆனா பல்லு உள்ள வளர்ற வயசுல, அது தினமும் வயித்துக்குள்ள ஜாஸ்தியாப் போனாதான் இந்த மாதிரி கறை. உங்க பக்கம் அது தரைக்கடியிலேயே இருக்கு, போர் வழியா வருது. பேஸ்ட்ல இருக்கறது கம்மி. பட்டாணி அளவு வெச்சுத் தேச்சுத் துப்பிடறோம். அதுதான் சொத்தை வராம காக்குது."

துப்புகிறதை ஒழித்துவிட்டு, விழுங்குகிறதை விட்டுவைத்திருக்கிறேன். அதையும் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

"இந்தக் கறை வெளக்கிப் போகாது. பெரியவளானதும் மேல பூச்சு வெச்சு சரி பண்ணலாம்" என்று மகளிடமே சொன்னார். பிறகு மனைவி மடியில் பொக்கைவாயோடு இருந்த சின்னவனைக் காட்டினார். "இவனுக்கு இன்னும் நேரம் இருக்கு. தண்ணிய டெஸ்ட் பண்ணி மாத்துங்க. கரிப்பொடிய இன்னைக்கே விட்டுடுங்க, அது பல்லோட மேல்பூச்ச அரிச்சுடும். உங்களுக்கே கூச்சம் இருக்கணுமே?"

"கொஞ்சம்" என்றேன், வாயைத் திறக்காமல். கிளம்பும்போது, "இன்னொரு வீடியோவும் எடுங்க" என்றார்.

இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஒன்று எங்கள் போர், ஒன்று வெள்ளிமலைக் குழாயில் வரும் ஊற்றுத் தண்ணீர். எங்களுடையதில் அளவுக்கு மேல் இருந்தது, மலையுடையதில் இல்லை. அன்றிலிருந்து ஜீப்பின் பின்னால் கேன்கள் ஏறின. கொண்டுவந்து காய்ச்சிக் குடித்தோம். கடுக்காய் அக்கா கேன்களுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து சொன்னார்: "பேஸ்ட நாங்க மேல ஏத்திக்கினு போறோம், தண்ணிய நீ கீழ எறக்கிக்கினு போற. ஜீப்பு நல்லா பொழைக்குது தம்பி." இந்த முறை நான் ஒரு வளைவுக்குக்கூடப் பேசவில்லை.

இரண்டாவது வீடியோவுக்குப் போனைப் பிடிக்க மனைவி மறுத்துவிட்டாள். "மொதல் வாட்டி புடிச்ச பாவமே போதும்." அதனால் மகள் பிடித்தாள். சின்னக் கை, பெரிய போன். இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். அதே பம்புசெட்டு, அதே தொட்டி. "போன தடவ நான் குடிச்சது இன்னா தண்ணின்னா" என்று ஆரம்பித்து, குழாயைக் காட்டத் திரும்பினேன். தெறித்த தண்ணீர் நேராகப் பல்லில் பட்டது. கூச்சத்தில் ஒரு எம்பு எம்பி, பாசியில் வழுக்கி, தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சிரித்தாள். வாயை மூடக் கை இல்லை. டீ நிறக் கோடு, எடுத்த பல்லின் ஓட்டை, எல்லாம் தொட்டிக்குள்ளிருந்து தெரிந்தது. "நிறுத்தாத பாப்பா, எடு" என்று, போர் தண்ணீர், பேஸ்ட், கரி எல்லாவற்றையும் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே சொல்லி முடித்தேன். நான் விழுந்ததற்கு அப்புறம் வீடியோவில் பாதி வானம்தான் இருக்கிறது. மீதி அவள் சிரிப்புச் சத்தம். வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.

முதல் வீடியோ போன தூரத்தில் கால்வாசிகூட இது போகவில்லை. தங்கையின் மாமியார் பார்த்துவிட்டு, "பேஸ்ட்டுக்காரன்கிட்ட எவ்ளோ வாங்கினானாம்?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் கரிதான் தேய்க்கிறார்.

பள்ளிக்கூடத்தில் மகளின் கை இன்னும் வாய்க்குப் போகிறது என்று டீச்சர் சொன்னார். வீட்டில், நான் தொட்டியில் விழுவதைப் போனில் பார்க்கும்போது மட்டும் போவதில்லை. போனைப் பிடிக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.