எட்டாம் நம்பரை அழிச்ச அன்னிக்கு

பேய்னு எவனாச்சும் ஆரம்பிச்சா 'ஆதாரம் இருக்கா'ன்னு கேட்டு வாயை அடைக்கிற ஆளுங்க நான். நீங்க சிரிச்சாலும் பரவாயில்ல, இது காலைல பதினோரு மணிக்கு, வெளிச்சம் கொட்டுற ரூம்ல, எனக்கே நடந்தது.

திருவொற்றியூர்ல ஒரு சின்ன லேப்ல எனக்குக் கணக்குப் போடுற வேலை. எண்ணூர்ல நிலக்கரி இறக்குற பன்னெண்டு பேர்கிட்ட ரத்தம் எடுத்திருந்தோம். அதுல இருக்கிற புரதத்தை ஜெல்லுல ஓட்டி நீலச் சாயம் போட்டா கோடு கோடா பிரிஞ்சு தெரியும். எந்தக் கோடு எவ்ளோ அடர்த்தின்னு கம்ப்யூட்டர் நம்பரா குடுக்கும், நான் சராசரி போடுவேன். ஒரு ஆளுக்கு மூணு ஜெல். பதினோரு பேர் ஒழுங்கா ஒத்து வந்தாங்க, எட்டாம் நம்பர் மட்டும் எங்கயோ நிக்கிறான், ஒரே ஒரு கோடு அட்டைப்பூச்சி கணக்கா தடிச்சுக் கிடக்கு. லேபை நடத்துற மேடம் போன்ல, "அந்த ஆளைத் தூக்கிடுப்பா, மொத்தமும் கெடுது"ன்னாங்க. ஜெல்லு தப்புன்னா ஒண்ணுல வரும், மூணுலயும் அதே இடத்துலயா வரும்? தெரிஞ்சேதான் தூக்கினேன், அயோக்கியப் பய நான்.

அழிச்ச உடனே விலாவுல விழுந்துச்சு ஒரு குத்து. மூச்சே நின்னுடுச்சு. திரும்பினா ஆள் இல்ல, கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். அடுத்தது வயித்துல, நாற்காலியோட சாய்ஞ்சேன். கீழ விழுந்தவனையும் விடாம அதே விலாவுல மிதி, மிதின்னு மிதி, நம்புனா நம்புங்க, வெறுங்காலுங்க அது, விரல் அஞ்சும் தனித்தனியா தெரியுது. தின்ன இட்லியெல்லாம் வெளிய வந்து எச்சில்ல ரத்தம். தவழ்ந்து போய் எட்டாம் நம்பரைத் திரும்பச் சேர்த்தேன். சட்டுனு நின்னுடுச்சு.

அப்புறம்தான் அந்தக் கோட்டை ஒழுங்கா பார்த்தேன். ஒரே புரதம் இப்படிக் குவிஞ்சா எலும்பு மஜ்ஜைல புற்றுநோயா இருக்கலாம்னு எப்பவோ படிச்சது உறைச்சுது. லிஸ்ட்டுல எட்டாம் நம்பருக்கு நேரா மாரின்னு பேரும் விலாசமும் இருந்துச்சு. வயித்தைப் பிடிச்சிகினே எண்ணூருக்கு ஓடினேன்.

மாரியோட பொண்டாட்டிதான் கதவைத் தொறந்தாங்க. "காத்தாலேர்ந்து ஜொரம் சார். தூக்கத்துலயே செவுத்தைக் குத்திகினு, ஒதைச்சிகினு கீது. நானும் இங்க கீறேன்டா, நானும் கீறேன்டான்னு ஒரே கத்தல்"னாங்க. அப்படியே ஆட்டோ பிடிச்சு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனேன்.

ஆஸ்பத்திரில பார்த்தா அதே நோய்தான். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. இப்போ வைத்தியம் ஓடிகினு இருக்கு.

அடி வாங்கினதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, வீட்டுலகூட கன்னிப்போனது தெரியக் கூடாதுன்னு சட்டையைக் கழட்டாமலே படுத்தேன். போன வாரம் வார்டுக்குப் பார்க்கப் போனேன். பொண்டாட்டி டீ வாங்கப் போனதும் மாரி என்னைக் கிட்ட கூப்பிட்டாரு. கையை நீட்டி, சட்டைக்கு மேல, கரெக்டா அந்த விலாவுலயே வெச்சு, "இன்னும் நோவுதா சார்?"னு கேட்டாரு.

இல்லன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்.