மதுரைக்குப் போய் எடுத்த தொண்டைப் படம்

அறுபதுகளின் தொடக்கம். நத்தம் புளியை வாங்கித் திண்டுக்கல்லில் விற்றுக்கொண்டிருந்தேன். என் மனைவி மரகதத்துக்குச் சோறு நெஞ்சிலேயே நின்றுவிடும். ஆத்தூர்ப் பக்கம் தொக்கம் எடுக்கும் அம்மாவிடம் மூன்று முறை போனோம். வாயை வைத்து உறிஞ்சி, சிக்கிய சோறு என்று ஒரு உருண்டையை இலையில் காட்டுவார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கும், பிறகு பழையபடிதான். அவள் சேலை இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் மதுரைக்குக் கிளம்பினோம்.

திண்டுக்கல்லிலிருந்து நாற்பது மைல், காலை பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வாடிப்பட்டியில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துவார்; நோயாளியை இறக்கி நடக்கவிட அதுதான் இடம்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இருவர் முன்னாலும் காகிதத்தில் மூன்று உணவுக்குழாய் வரைந்தார். ஒன்றில் இரைப்பை வாசல் திறக்காது. அடிப்பக்கம் குருவி மூக்குபோல வழவழவென்று குறுகும். இன்னொன்றில் குழாய் முழுக்க முறுக்கிக்கொள்ளும். இந்த இரண்டிலும் தண்ணீரும் சோறும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து சிக்குமாம். மூன்றாவது கட்டி. அதில் முதலில் சோறு நிற்கும், பிறகு கஞ்சி, கடைசியில்தான் தண்ணீர். படத்தில் ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கும்.

"இவங்களுக்கு எப்படி?" என்று என்னைத்தான் கேட்டார். சோறும் தண்ணியும் சேர்ந்தே நிற்குதுங்க என்றேன். அப்படியென்றால் வாசலை விரித்துவிடலாம், பிழைப்பார் என்றார். படம் வரும்வரை அந்த ஒரு மணி நேரம் எனக்கு உயிர் வந்திருந்தது.

சுண்ணாம்புக் கரைசல் போன்ற மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்து மரகதத்திடம், குருவி மூக்குதான் பிள்ளே, விரிச்சா சரியாப் போயிரும் என்றேன். அவள் என் கையிலிருந்த படத்தை வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.

"இம்புட்டு அரிச்சுக் கெடக்கு. குருவி மூக்குங்கிறீக."

படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்; அவள் கொடுக்கவில்லை.

"எனக்கு மொத சோறுதான் நின்னுச்சு. நீங்க கடையில இருந்தீக, எப்படித் தெரியும்? டாக்டர் உங்களைத்தான கேட்டாரு, அதான் நான் வாயத் தொறக்கல."

புளியைத் தொட்டே தரம் சொல்கிறவன் நான். ராத்திரியில் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு எது இறங்குகிறது என்று பார்த்ததில்லை.

திரும்பும்போது வாடிப்பட்டியில் இளநீர் கேட்டாள். முழுதும் குடித்தாள். "இது எறங்குது," என்றாள். அடுத்த மாதம் அதுவும் நின்றது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தொக்கத்துக்கு அலையாதீர்கள். டாக்டர் கேட்டால் நோயாளியே பதில் சொல்லட்டும். கஞ்சி நிற்கும் வரைக்கும் காத்திருக்காமல், முதல் கவளம் நின்ற அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.