முனியாண்டி கையில் ஒரு குகைக் கடிகாரம்

காலை 7.10, தம்போய். நான் கோயம்புத்தூர்க்காரன். பழைய கைக்கடிகாரங்கள் சேர்ப்பது என் பைத்தியம். பதினோரு வருடமாகத் தேடிய ஒன்று, இங்கிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, ரெங்கத்துப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் கடல் தாண்டி ஜோகூருக்கே வந்துவிட்டேன். தோட்டத்துக் கோயிலின் செயலாளர் மணியம் காரோடு வந்தார். வாரம் முழுக்கத் தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று இருப்பவர். பெட்ரோலுக்கு இந்த ஊர்ப் பணம் ஐம்பது வெள்ளி நீட்டினேன். வாங்கவில்லை. வழியில் பரோட்டா மாதிரி சாப்பிட்ட ரொட்டி சானாய்க்கும் அவரே காசு கொடுத்தார்.

அந்தக் கடிகாரம் குகைகளுக்குள் போகும் ஆய்வாளர்களுக்காக சுவிட்சர்லாந்தில் செய்தது. உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாதல்லவா? அதைக் காட்ட ஆரஞ்சு நிறத்தில் நாலாவதாக ஒரு முள் உண்டு, நாளுக்கு ஒரே சுற்று. கட்டியிருப்பவர் கை அசைந்தாலே ஓடும். தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை, காணாமல் போன மகள் திரும்பக் கிடைத்ததற்காக அதைக் கோயில் சாமி முனியாண்டியின் கையில் கட்டிவிட்டுப் போனாராம். மணியம் அனுப்பிய பழைய படத்தில் அந்த ஆரஞ்சு முள்ளைப் பார்த்துப் பார்த்து என் மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

"கமிட்டியில பேசிட்டேன் அண்ணே. பிடிச்சிருந்தா எடுத்துக்குங்க. கோயில் கூரைக்கு ஏதாச்சும் பாத்து செய்ங்க," என்றார் மணியம்.

9.05. தோட்டத்து மண்சாலை முடிகிற இடத்தில் கோயில். உள்ளே ஆளுயரக் கல் முனியாண்டி, ஒரு கையில் அரிவாள், மறு கையில் என் கடிகாரம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பூசாரி ஒரு குடம் பாலை அப்படியே சாமி தலையில் ஊற்றினார். பால் தோளில் வழிந்து கடிகாரத்தின் மேல் இறங்கியது.

"ஐயோ, வாட்ச்சு!" என்று கத்திவிட்டேன்.

"வாரா வாரம் நடக்கறதுதான் லா. ஒன்னும் ஆவாது," என்றார் மணியம். அடுத்து மஞ்சள் நீர்.

துடைத்து முடித்ததும் கிட்டே போய்க் குனிந்தேன். ஆரஞ்சு முள்ளைக் காணோம். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய நொடிமுள் டக் டக்கென்று தாவியது.

"உள்ள இருந்த மிஷின் எங்கீங்க?"

"அது ஸ்பாய்ல் அண்ணே. கழட்டித் தொடச்சுக் கட்டுனா ரெண்டு நாள் ஓடும், அப்புறம் நின்னுரும். தம்போய் கடையில குடுத்து பேட்ரி மிஷின் போட்டுட்டோம், அதுக்கு மூணு முள்ளுதான்."

"நிக்கத்தானுங்க செய்யும்! கட்டியிருக்கிறவரு கைய அசைக்கோணுமே!"

மணியம் முனியாண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமி எப்படி அண்ணே கைய ஆட்டும்?"

பழைய மிஷினாவது இருக்கிறதா என்று கேட்டேன். சாமி பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்று கும்பாபிஷேகத்தின்போது பீடத்துக்கு அடியில் வைத்துச் சிமெண்ட் பூசிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்னதானச் சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன். கூரைக்கு என்று ஐந்நூறு வெள்ளி கொடுத்தேன். கடிகாரம் வேண்டாம் என்றேன்.

பிற்பகல் 2.30, நெடுஞ்சாலை. மணியம் கேட்டார்: "அண்ணே, உங்ககிட்ட இந்த மாதிரி கை ஆடுனா ஓடற வாட்ச்சு எத்தன இருக்கு?"

"ஏழு."

"யார் யார் கட்டுறாங்க?"

"யாரும் கட்டறதில்லைங்க. கீறல் விழுந்துரும். பொட்டிக்குள்ள வெச்சு, நிக்காம இருக்க ஒரு மோட்டார் ஆட்டிக்கிட்டே இருக்கும்."

"அலமாக்! கை இல்லாத வாட்ச்ச ஆட்டறதுக்கு ஒரு மிஷினா?" காரின் வேகம் குறைந்தது. காலையில் நான் முனியாண்டியின் கையைப் பார்த்து அதிர்ந்ததுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். ஏழும் ஆடிக்கொண்டிருந்தன. பால் வாங்கப் போகும்போது கட்டிக்கொண்டு போகலாம் என்று ஒன்றை எடுத்துக் கட்டினேன். வாசலில் லேசாகத் தூறியது. கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.