பாலிங் மலைச் சிப்பி

விடிந்ததும் பாடாங் செராயிலிருந்து கிளம்பினோம். பாலிங்குக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். வாடகைக் கார் ஓட்டிய மணியம் இளைஞன். பின்னிருக்கையில் என் மனைவி சரோஜா முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி வந்தாள். வழியெல்லாம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்கள். திருமணமான புதிதில் இதே சாலையில் பேருந்தில் வந்தோம். அப்போது இரு பக்கமும் ரப்பர்தான், சன்னலில் பால் வாடை வீசும்.

அன்று மலையடியில் அவள் ஒரு கல்லைக் கண்டெடுத்தாள். சாம்பல் நிறக் கல். நடுவில் வரிவரியாய் ஒரு சிப்பி. சாமி மேடையில் வைக்கக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். திரும்பும் பேருந்தில் அதை அவிழ்த்து, "இங்கே பாருங்க" என்று காட்டினாள். எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குக் கடல்மணல் கலந்துதான் சிமெண்டு பூசியிருந்தார்கள். சுவரெல்லாம் சிப்பி துருத்தும். அந்த நினைப்பில், "இது உடைஞ்ச சிமெண்டு. மலையில ஏது கடல்?" என்று பேருந்தே கேட்கச் சிரித்தேன். நான் பட்டதாரி என்பதால் மற்றவர்களும் நம்பிச் சிரித்தார்கள். ஆற்றுப் பாலத்தில் கல்லை வெளியே எறிந்தேன். அதன்பின் அவள் எதையும் "இங்கே பாருங்க" என்று எனக்குக் காட்டியதே இல்லை. அந்தச் சொல்லைத் திரும்பக் கேட்கத்தான் இந்தப் பயணம்.

மலையில் கடல் இருந்தது. முதுமையில்தான் படித்தேன். செத்த சிப்பிகள் கடலடிச் சேற்றில் படிந்து, மேலே சேறு அழுத்த, கோடிக்கணக்கான ஆண்டுகளில் சுண்ணாம்புக் கல்லாகின்றன. நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும்போது கடலடியே மடிந்து மேலெழுகிறது. மழை கரைத்தது போக எஞ்சியதே இந்தச் செங்குத்து மலை.

மலையடிவாரத்தில் இறங்கினோம். சரிந்து கிடந்த ஒரு பாறையில் வரிவரியாய்ச் சிப்பிகள். "அங்கிள், பாசார்ல விக்கிற கெராங் சிப்பி மாதிரியே இருக்குலா!" என்றான் மணியம். சரோஜா கைத்தடியூன்றி வந்து வரிகளை விரலால் தடவினாள்.

"அன்னைக்கு நீ எடுத்தது நெசமான கல்லு. தப்பு என்மேலதான், சரோ."

"கல்லு போனா போவுது. பஸ்ஸே சிரிச்சிச்சே."

உதிர்ந்த சில்லு ஒன்றைக் குனிந்து எடுத்தேன். "மேடையில வைப்போமா?"

"அங்கயே போடுங்க. பாலம் வந்தா உங்க கை சும்மா இருக்காது."

வரும் வழியில் கதையைக் கேட்டிருந்த மணியம் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது பாலத்தில் அவள் சன்னலை இறக்கினாள்.

"இங்க பாருங்களேன், தண்ணியில உடும்பு."

எட்டிப் பார்த்தேன். மரக்கட்டை போலத்தான் தெரிந்தது.

"ஆமா, உடும்புதான்," என்றேன்.