மரியகொறற்றி அக்காவின் பந்து மாதங்கள்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரியகொறற்றி அக்காவின் சாப்பாட்டுக் கடைக்குள் போகிறவர் எவரும் நினைத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வர முடியாது. றோல்ஸ் வாங்கப் போனவருக்குச் சோற்றுப் பொதியும் கட்டிக் கொடுத்துவிடுவார். "வீட்டிலை சமைக்க அலுப்பிலைதானே இஞ்சை வந்தனீங்கள், பிறகென்ன யோசனை?" என்பார். கதைக்கும்போது அவருடைய கை நிற்பதில்லை. கொத்துக்கு றொட்டி வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும். கணவர் யூலியன் இறந்தபிறகு புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து விடிய ரயிலேறி வந்து கடையைத் தனியாக நடத்துகிறார்.

எங்கள் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி இன்றைக்கும் உயிரோடு இருப்பது இந்த மனுசியால்தான். அதை எழுதி வைக்கவேண்டும் என்று எனக்குக் கொஞ்சக் காலமாகவே ஒரு பதற்றம். விட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

எங்கள் கல்லூரி யாழ்ப்பாணத்துக் கடற்கரையோரத்தில் இருக்கிறது. அதன் பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளைக்கு நான் செயலாளர். பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பிரெஞ்சில் கடிதம் எழுதுகிறவன் என்பதால், சங்கத்தின் எழுத்து வேலையும் என் தலையில் விழுந்தது. ஊருக்குக் கொடுப்பதில் எங்கள் ஆட்களுக்குக் கை இழுக்காது. தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் கொட்டகை, மேடை எல்லாம் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் இறந்துபோன தாய் தகப்பனின் பெயர் பொறித்த மாபிள் கல் இருக்கும். விளையாட்டு மைதானத்துக்குப் படிப்படியான இருக்கைகளோடு பெரிய பார்வையாளர் மண்டபமும் கட்டினோம். பெயர்கள் வீதியால் போகிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்று, மண்டபத்தை வீதியைப் பார்க்கக் கட்டச் சொல்லிவிட்டோம். அதில் உட்கார்ந்தால் மினிபஸ் தெரியும், பந்து தெரியாது. திறப்பு விழாவின் காணொளி வந்தபிறகுதான் எங்களில் ஒருவர், "கிறவுண்ட் எங்கை?" என்று கேட்டார்.

பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் மிருணாளினி. அதே கல்லூரியில் விளையாடி வளர்ந்த பிள்ளை. அவருடைய சம்பளத்தைக் கல்லூரியின் நலன்புரிச் சங்கம் கொடுத்துவந்தது. போன வருடம் அவர்களுக்கும் ஏலாமல் போய்விட்டது. பயிற்றுநர் இல்லையென்றால் பெண்கள் அணியும் இல்லை என்று அதிபர் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

பாரிஸுக்கு வெளியே எபினேயில் ஒரு மண்டபம் எடுத்துப் பொதுக்கூட்டம் வைத்தோம். தலைவர் மகேந்திரராசா அண்ணை எழுந்து, கல்லூரி வாசலுக்கு ஒரு வளைவு கட்டவேண்டும் என்றார். சாப்பாடு கொண்டுவந்த கொறற்றி அக்காவும் பழைய மாணவிதான். கையில் அகப்பையோடு பின்னாலிருந்து கேட்டார்:

"அண்ணை, வளைவு ஓடுமோ?"

"என்ன கேள்வியிது?"

"ஓடாது. கோல் அடிக்குமோ? அதுவும் இல்லை. மிருணாளினிக்குச் சம்பளம் குடுத்தா அந்தப் பெட்டையள் ரெண்டும் செய்வினம்."

"கொறற்றி, சனம் கண்ணுக்குத் தெரியிற சாமானுக்குத்தான் காசு தரும். சம்பளம் குடுத்தா கொப்பர் கோச்சியின்ரை பேரை எங்கை எழுதுறது? மிருணாளினியின்ரை நெத்தியிலையோ?"

மண்டபம் சிரித்தது. அக்காவும் சிரித்தார். "சரி, சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்றுவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் முடிந்து சட்டிபானைகளை வாகனத்தில் ஏற்றும்போது, ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன்.

"நாங்கள் படிக்கேக்கை அந்தக் கிறவுண்டிலை பொம்பிளைப் பிள்ளையள் கால் வைக்கக்கூடாது, தம்பி. விஞ்ஞானகூட யன்னலாலைதான் மாட்ச் பாத்தனாங்கள். ஒருக்கால் பந்து யன்னலுக்குக் கிட்ட வந்திட்டுது. ஓடிப்போய் உதைஞ்சு விட்டன். அதுக்கு அதிபரிட்டைக் கொண்டுபோய் நிப்பாட்டினவை. இப்ப அதே கிறவுண்டிலை பெட்டையள் காற்சட்டையோடை ஓடுதுகள். நான் இருக்கேக்கையே அது நிண்டு போச்செண்டா..." முடிக்கவில்லை. "அந்தத் தாச்சியை மற்றப் பக்கத்தாலை பிடியும்" என்றார்.

நெற்றியில் எழுதுகிற பகிடியை எல்லோரும் மறந்துவிட்டோம். அக்கா மறக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. தாய் தகப்பனின் ஆண்டுத் திவசம் வந்தால், பாரிஸில் சொந்தக்காரருக்குச் சாப்பாடு கொடுப்போம். அதே நாளில் ஊரில் ஏதாவதொரு பிள்ளைகள் இல்லத்துக்கும் ஒருநேரச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புவோம். பிள்ளைகள் இலைக்கு முன்னால் இருக்கும் படம் தொலைபேசிக்கு வந்துசேரும். பாரிஸ் சாப்பாட்டில் பாதி கொறற்றி அக்காவின் கடையில்தான் சொல்லப்படுகிறது. ஆகவே யாருடைய திவசம் எப்போது என்று அவருக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்து சில கிழமைகளில், தாயின் திவசத்துக்குச் சாப்பாடு சொல்ல மகேந்திரராசா அண்ணையே வந்தார். தாயின் பெயர் தில்லைநாயகி. நான் தேத்தண்ணியோடு ஒரு மூலையில் நின்றேன்.

"ஊரிலை என்ன செய்யிறியள் அண்ணை?"

"வழமைதான். இல்லத்துப் பிள்ளையளுக்கு ஒருநேரச் சாப்பாடு."

"இந்தமுறை ஒரு மாசம் குடுங்கோவன்."

"ஒரு மாசச் சாப்பாடோ?"

"ஒரு மாசப் பந்து. இரண்டாம் மாசம் அம்மாவின்ரை மாசம். மிருணாளினிக்குச் சம்பளம், பிள்ளையளுக்குப் பயிற்சி முடிய முட்டையும் வாழைப்பழமும். ஒவ்வொரு மாட்சுக்கும் முதல் கப்டன் அம்மாவின்ரை பேரைச் சொல்லுவா, எல்லாரும் தலைகுனிஞ்சு நிப்பினம். வீடியோ வரும்."

அண்ணை யோசித்தார். "எங்கடை அம்மா பந்தைக் கண்ணாலையும் கண்டதில்லை, கொறற்றி."

"அம்மா ஆரையும் பசியோடை அனுப்பினவவோ?"

"இல்லை."

"பிறகென்ன. மாபிளிலை எழுதினா மழை அழிக்கும். இதைப் பதினொரு பிள்ளையள் நிண்டு கேக்க ஒரு பிள்ளை வாயாலை சொல்லும்."

அவர் ஒப்புக்கொண்டார். அக்கா கடையின் நாட்காட்டியில் அந்த மாதத்துக்கு மேல் தில்லைநாயகி அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதினார்.

காணொளி வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று தலைகுனிந்தார்கள். கப்டன் தெளிவாகச் சொன்னார்: "இந்த மாதம் தில்லைநாயகி அம்மாவின் மாதம்." அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைய போட்டியில் எங்கள் பிள்ளைகள் நாலு கோலுக்குத் தோற்றார்கள்.

மறுநாளே அண்ணை கடைக்கு வந்துவிட்டார். "அம்மாவின்ரை பேரைச் சொல்லிப்போட்டுத் தோத்திட்டினம்."

"தோத்தது பிள்ளையள் அண்ணை, அம்மா இல்லை."

"ரெண்டாவது பாதியிலை ஒருத்தியும் ஓடேல்லை. எனக்கு நித்திரையில்லை."

இதைக் கேட்டு நான் உள்ளூரப் பயந்தேன். இனி ஒருவரும் மாதம் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நடந்ததோ நேர்மாறு. தில்லைநாயகி அம்மா தோற்ற கதை லா சப்பல் முழுக்கப் போனது. தங்கள் தாய் தகப்பன் வெல்லவேண்டும் என்று ஆட்கள் வரத்தொடங்கினார்கள். செபஸ்தியாம்பிள்ளை என்பவர் தகப்பனின் பெயரில் ஒரு மாதம் எடுத்தார். அந்த மாதம் பிள்ளைகள் வென்றார்கள். கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அவர் வடை வாங்கிக் கொடுத்தார். முன்பின் பந்து பார்த்திராதவர்கள் மிருணாளினிக்குத் தொலைபேசி எடுத்து, எந்த மாதத்தில் எந்தப் பள்ளிக்கூடம் எதிரே வருகிறது என்று விசாரித்தார்கள். லேசான எதிரணி வரும் மாதங்கள் உடனே போய்விடும். கஷ்டமானவற்றை அக்கா கதைத்துக் கதைத்தே கொடுத்து முடித்தார். "உங்கடை அப்பர் சண்டைக்குப் பயந்த ஆளோ?" என்று கேட்டால் எந்த மகன் பின்வாங்குவான்?

அப்படி நாட்காட்டி நிறைந்தது. பதினோராம் மாதம் மட்டும் நிறையவில்லை. அது மழைக்காலம், மைதானம் குளமாகிவிடும். போட்டி இல்லை, வெற்றி இல்லை, காணொளியும் இல்லை. ஆனால் சம்பளம் உண்டு. அந்த நேரம்பார்த்து, கொழும்பில் ஒரு நிறுவனத்தின் அணி மிருணாளினியைப் பயிற்சிக்குக் கூப்பிட்டது. அவர் அக்காவிடம் நேராகவே சொன்னார்: "அன்ரி, வருசம் முழுக்க எண்டா நிப்பன். மழைக்குச் சம்பளமில்லாமல் இருக்க எங்கடை வீட்டிலை ஏலாது. ஒன்பதாம் மாசம் பிறக்கமுதல் அவையளுக்குப் பதில் சொல்லவேணும்."

எட்டாம் மாத முடிவில் லா சப்பல் பிள்ளையார் கோயில் தேர். ரூ பஜோல் என்ற தெருவிலிருந்து தேர் புறப்பட்டு வீதிகளைச் சுற்றி வரும். கொறற்றி அக்கா ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத கத்தோலிக்கர். ஆனால் தேரன்று கடைவாசலில் பெரிய அண்டாவில் மோர் வைத்துக் கொடுப்பார். அன்றைக்கு மோர் குடிக்க வந்த ஒவ்வொரு பழைய மாணவரிடமும் பதினோராம் மாதத்தைப் பற்றிக் கேட்டார். ஒருவர் மகளின் கல்யாணம் என்றார், இன்னொருவர் வீட்டுக் கடன் என்றார், இன்னுமொருவர் மோர் குடித்த வேகத்தில் சனத்துக்குள் மறைந்தார். அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போவதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அப்போது வேட்டியும் வெறுங்காலுமாக மகேந்திரராசா அண்ணை வந்தார். மோரை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"கொறற்றி, அம்மாவை மாத்தலாமோ?"

"எங்கை மாத்துறது?"

"வாற வருசமும் இரண்டாம் மாசம் அதே பள்ளிக்கூடத்தோடைதானாம் மாட்ச். மிருணாளினியிட்டைக் கேட்டனான். அம்மா இன்னொருக்கால் நாலு கோல் தாங்கமாட்டா."

"அப்ப எந்த மாசம் வேணும்?"

"பதினோராம் மாசம் மாட்ச் இல்லையாமே?"

"மாட்சும் இல்லை, வீடியோவும் இல்லை. கிறவுண்டிலை முழங்கால் தண்ணி. ஒருத்தரும் வேண்டாமெண்ட மாசம் அண்ணை."

"தோக்கவும் ஏலாதுதானே?"

"தோக்க ஏலாது."

அண்ணை மோரைக் கொஞ்சம் குடித்தார். "ஆனா அம்மா செத்தது இரண்டாம் மாசமெல்லோ."

"பிறந்தது?"

"பிறந்தது... பதினோராம் மாசந்தான்."

"பிறந்த மாசத்திலை சாப்பாடு குடுக்கக்கூடாதெண்டு ஆர் சொன்னது? இந்த வருசத்திலையிருந்தே தொடங்குவம்."

அக்காவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அண்ணை மீண்டும் வடம் பிடிக்கப் போன பிறகுதான் கைகளை ஏப்ரனில் துடைத்தார். "தம்பி, மிருணாளினிக்கு ரெலிபோன் அடியும். நிக்கச் சொல்லும்" என்றார்.

அடித்துக் கொடுத்தேன். பேசி முடித்த பிறகு, அப்படியென்றால் அடுத்த வருடம் இரண்டாம் மாதம் வெறுமையாகுமே என்றேன்.

"அது யூலியனுக்கு. அவர் எங்கடை கல்லூரியிலை கோல் காத்த கோலியெல்லோ. சீவியத்திலை அவர் விட்ட கோலுகளுக்கு இந்த நாலு ஒரு கணக்கில்லை."

"இவ்வளவு நாளும் ஏன் அக்கா அவரின்ரை பேரைக் குடுக்கேல்லை?"

"முதலே நான் எடுத்திருந்தா, கொறற்றி பாத்துக்கொள்ளுவா எண்டு எல்லாரும் விட்டிருப்பினம்."

அடுத்தடுத்த வருடங்களில் என்னாகும் என்று இப்போதும் யோசிப்பேன். என் மகளுக்கு அந்தக் கல்லூரி ஒரு படம் மட்டும்தான். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். இதை அக்காவிடம் சொன்னேன். "எங்களுக்கும் ஒருநாள் திவசம் வரும்தானே தம்பி. எந்த மாசம் வேணுமெண்டு அவளிட்டை இப்பவே சொல்லி வையும்" என்றார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பார்த்தேன். மகள் சிரிக்காமல், எங்கள் கோலி கெட்டிக்காரியா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பதினோராம் மாதம் மிருணாளினி நாங்கள் எதிர்பாராத ஒரு காணொளி அனுப்பினார். மைதானம் முழுக்கத் தண்ணீர். பிள்ளைகள் நாங்கள் வீதியைப் பார்க்கக் கட்டிய மண்டபத்தின் கூரைக்குக் கீழே நிற்கிறார்கள். படிகளில் ஏறி இறங்கி ஓடுகிறார்கள். மழைக்கு மெதுவாகப் போகும் மினிபஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டம் முடிந்ததும் கப்டன் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார்: "இந்த மாதம் தில்லைநாயகி அம்மாவின் மாதம்."

மகேந்திரராசா அண்ணை அதைக் கடை வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தொலைபேசியை நீட்டிக் காட்டினார். வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.

"அண்ணை, அம்மா நல்லாத்தான் ஓடுறா" என்றார் கொறற்றி அக்கா, றொட்டியை வெட்டிக்கொண்டே. "இப்ப சொல்லுங்கோ, றோல்ஸ் எத்தினை?"