நேர் ஹேண்டில் கேட்டு வாங்கிய மகேஸ்வரி டீச்சர்

ஹாலிஎல சந்தையில் கரட் வாங்கிக்கொண்டிருந்தபோது கதிரேசன் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர் போயிட்டாங்க, சார். விடிய நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." வீட்டிலும் மனைவியை அவர் 'டீச்சர்' என்றுதான் அழைப்பார்.

மகேஸ்வரி டீச்சரும் நானும் ஒரே பாடசாலையில் கற்பித்தோம். அவர் கணிதம், நான் தமிழ். இளவயதில் அவர் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாணம், பிள்ளைகள் என்று அது விட்டுப்போயிற்று. ஐம்பதைத் தாண்டியபின், முழங்கால் வலிக்குச் சைக்கிள் ஓட்டுவது நல்லது என்று வைத்தியர் சொன்னார். அடுத்த சனிக்கிழமையே டீச்சர், கதிரேசனையும் என்னையும் பதுளையில் ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடை முதலாளி இரண்டு சைக்கிள்களை வெளியே எடுத்து வைத்தார். ஒன்று, ஹேண்டில் கீழ்நோக்கி வளைந்த, குனிந்து ஓட்டும் பந்தயச் சைக்கிள். மற்றதில் நேர் ஹேண்டில், நிமிர்ந்து உட்காரலாம். டீச்சர் இரண்டாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நான் ஓட்டினது இதுதாங்க" என்று வளைந்ததில் ஏறிச் சரிவில் இறங்கினார்.

நீரிழிவால், அந்தச் சீனி வருத்தத்தால், மரத்துப்போயிருந்த விரல்களுக்குப் பிரேக் பிடிபடவில்லை. வீதியோர மண்மேட்டில் மோதித்தான் நின்றார். ஓடிப்போய்த் தூக்கினோம். காயம் பெரிதில்லை, முகம்தான் வெளிறியிருந்தது.

"போதும், வீட்டுக்குப் போவோம்" என்றார் கதிரேசன்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இருந்த கை வேற, இந்தக் கை வேற. ஓட்டப் போறது இந்தக் கைதானே?" நேர் ஹேண்டில் சைக்கிளை எடுத்து, அதே சரிவில் மெதுவாக இறங்கி, நிறுத்தி, மூச்சு வாங்க ஏறி வந்தார். "இதைக் குடுங்க, முதலாளி."

அதில் பாடசாலைக்கு வந்த முதல் நாள், "பந்தயக்காரங்க இப்பிடி ஆடி அசைஞ்சு வாறீங்களே!" என்று நானே கேலி செய்தேன். "குனிஞ்சா ரோட்டு மட்டுந்தான் தெரியும், சார். இப்பத்தான் ஆளுங்க முகம் தெரியுது" என்றார்.

அப்படித் தெரிந்த முகங்களில் ஒன்று புஷ்பத்துடையது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், நாற்பதைத் தாண்டியவர். ஒரு மாலை வழிமறித்து, "நானும் ஒருக்கா ஏறிப் பாக்கவா, டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் சீட்டைத் தாழ்த்திக் கொடுத்தார். தோட்டத்து மைதானத்தில் விழுந்து எழும்பிப் பழகிய புஷ்பம், சாவு வீட்டுக்குத் தன் சொந்தச் சைக்கிளில் வந்தார். அதை வாசலில் சாய்த்துவிட்டு அழுதுகொண்டே உள்ளே போனார்.

என் இடுப்புக்கு ஊன்றுகோல் வேண்டும் என்று வைத்தியர் சொல்லி ஒரு வருடமாகிறது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று அதை அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். டீச்சரின் இறுதி ஊர்வலத்தன்று அதை எடுத்தேன். மயானத்துக்கு ஏறும் பாதை செங்குத்து, மழையில் வழுக்கியது. அதை ஊன்றிக்கொண்டு, கடைசிவரை அவருடன் நடந்தேன். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது பிறர் பார்வைக்கு வெட்கப்படாத அந்தக் குணத்தைத்தான்.