வாயைக் கட்டச் சொல்லும் வேலை

சீனி வருத்தக்காரர்களிடம், அதாவது நீரிழிவு நோயாளிகளிடம், வாயைக் கட்டச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிற தொழில் என்னுடையது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கிளினிக் வாசலிலேயே இனிப்புப் பணிஸ் வாங்கிக் கடிக்கிற உங்களுக்குத் தெரியாததா? கல்முனைக் கரையோரத்தில் எத்தனையோ பேரிடம் தோற்றிருக்கிறேன். ஆனால் அக்காபோல் இருந்த சுலைஹா ராத்தாவிடம் தோற்றது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

காற்றாட இருங்கள்

சுனாமி முடிந்து சில மாதங்கள். சாய்ந்தமருது முகாமில் ஒரு தறப்பாள் கூரையின் கீழ் எங்கள் கிளினிக். அலை வந்த அன்று தகரம் வெட்டிய காயம் சுலைஹா ராத்தாவின் காலில் ஆறவே இல்லை. சீனி இறங்காவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் படித்த பாடத்தை ஒப்புவித்தேன். இனிப்பு ஆசை வந்தால் தண்ணீர் குடியுங்கள், வெளியே போய்க் கொஞ்சம் காற்றாட இருங்கள், ஆசை தன்பாட்டில் அடங்கிவிடும் என்றேன். ராத்தா கடல் பக்கம் கையைக் காட்டினார்.

"எந்தக் காத்து தங்கச்சி? என்ட மகள் ரிப்காவக் கொண்டுபோன கடல்ட காத்தா?"

மீன் நல்லது

நிவாரணத்தில் வந்ததெல்லாம் மா, சீனி, பிஸ்கட். பாணும் சீனித் தேத்தண்ணியும் வேண்டாம், மீன் சாப்பிடுங்கள் என்றேன். மீன்பிடிக்காரரின் மனைவிக்கு இதைவிட லேசான பத்தியம் உண்டா? முகாமுக்கு வெளியே எங்கோ சூடை மீன் பொரிக்கிற வாசம் வந்தது. ராத்தா எச்சிலை விழுங்கினார், உடனே வாயைப் பொத்திக்கொண்டு குமட்டினார். முகாமில் அப்போது யாருமே மீன் தின்னவில்லை.

"மீனெண்டா எனக்கு உசிரு தங்கச்சி. ஆனா அந்த மீன் ஆரத் திண்டிச்சோ?"

வெள்ளிக்கிழமை வட்டிலாப்பம்

மௌத்தானவர்களின் நினைவாக அவர்களுக்குப் பிடித்ததை ஆக்கி, பாத்திஹா ஓதி, அயலுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். ராத்தா வெள்ளிக்கிழமை தவறாமல் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலாப்பம் அவித்தார். கொடுத்தது போக ஒரு சின்னக் கோப்பை மிஞ்சும். ஒருநாள் கூடாரத்துக்குள் நுழைந்தபோது அதை வழித்துத் தின்றுகொண்டிருந்தார். காயம் கறுத்துப்போயிருந்தது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்படி என்ன ஆசை ராத்தா, கால் போகப் போகுதே!" என்று கத்திவிட்டேன்.

"இனிப்புல எனக்கு ஆசயே இல்ல தங்கச்சி. இது ரிப்காட ஆச. அவளுக்குத் திங்க ஏலா, அதான் நான் திங்கிறன்."

சீனி இறங்கியது

கால் போய்விட்டது. யுத்தம் முடிந்த வருடம், சந்தியில் பாற்சோறும் இனிப்பும் பங்கிட்ட நாளொன்றில், ஊன்றுகோலோடு ராத்தா கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் எல்லோர் வாயும் அசைந்துகொண்டிருக்க, அவர் மடியில் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது. இரத்தம் பார்த்தால் சீனி கட்டுக்குள் வந்திருந்தது. சந்தோசம் தாங்காமல் அவர் கையைப் பிடித்து, "எப்படி ராத்தா ஆசையை அடக்கினீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் செய்யல்ல தங்கச்சி. ரிப்காட முகம் இப்ப ஞாபகத்துக்கு வருதில்ல. ஆசயும் வருதில்ல."

ஆசையை அடக்குவது எப்படி என்று இன்றும் வகுப்பெடுக்கிறேன், ஒருத்திக்கு அது அடங்கியதைக் கண்ணால் கண்ட பிறகு, வேறு யாருக்கும் அப்படி அடங்கிவிடக் கூடாதென்று உள்ளுக்குள் இறைவனிடம் துஆக் கேட்டுக்கொண்டே.